கழுத்தில் இருந்தால் விலை போகும்

பழைய நகைகளை வாங்கி விற்கும் அந்தக் கடைக்காரருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வருஷக்கணக்கில் தூங்கும் நகை, ஒரு பெண்ணின் கழுத்தில் ஏறிவிட்டால் சீக்கிரமே விலை போய்விடும். அதற்கென்று ஆள் தேட வேண்டுமா என்ன? வீட்டுக்காரிதான் இருக்கிறாளே.

கல்யாணமான புதிதில் ஒரு முத்துமாலையைத் தன் கையாலேயே அவளுக்குப் போட்டுவிட்டார். "உனக்காகத்தான் தேடிப் பிடிச்சேன்" என்றார். அவள் தலைகால் புரியாமல் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நகை வாங்க வந்த ஓர் அம்மாள் அந்த மாலையையே வெறித்துப் பார்த்தாள்.

"அது விக்கிறதுக்கில்லம்மா. என் வீட்டுக்காரிக்கு ஆசையா குடுத்தது" என்று இவர் இழுத்தார். மறுக்க மறுக்க அந்த அம்மாளுக்கு ஆசை ஏறியது. அன்று சாயங்காலம் வெறுங்கழுத்தோடு வீடு திரும்பியவள், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு வளையல், தோடு, மோதிரம் என்று வந்தன, போயின. அழுகை கோபமாகி, கோபமும் ஓய்ந்து, மனசு மரத்துப் போனது. அவர் "விக்கிறதுக்கில்ல" என்று ஆரம்பித்தாலே போதும், அவள் கை தானாகக் கொக்கியைத் தேடும். பல் தேய்க்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை.

போன மாதம் மனுஷருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்தார். நீலக்கல் பதக்கம், சுற்றிலும் தேய்ந்து வழவழத்த தங்க இலைகள். நூறு வருஷத்துக்கு மேல் பழசு.

"இது உனக்கு. சத்தியமா உனக்குத்தான்." அவரே அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"நல்லாருக்குங்க" என்றாள். இது சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே துழாவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

மறுபடி கடை திறந்தபோது, கட்டிக்கப்போகிறவளுக்கு நகை தேடி ஒரு இளைஞன் வந்தான். பெட்டிகளையெல்லாம் மேய்ந்துவிட்டு, கடைசியில் அவள் கழுத்தில் பார்வையை நிறுத்தினான்.

"அது விக்கிறதுக்கில்ல தம்பி. என் வீட்டுக்காரிக்குக் குடுத்தது."

அவர் சொல்லி முடிக்கவில்லை, பதக்கம் வெல்வெட் தட்டில் இருந்தது. கழற்றியதே அவளுக்கு நினைவில்லை.

"ஏம்மா, நான் நிஜமாத்தான் சொன்னேன்!"

"நல்லாவே பேரம் பேசுறீங்க சார்" என்று இளைஞன் சிரித்தான். வியாபார நேரத்துப் புன்னகையை அவளும் வைத்துக்கொண்டாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "கிளம்புங்க தம்பி, இது கிடைக்காது" என்றார். அவன் முகம் சுருங்க வெளியேறினான்.

அவர் சங்கிலியோடு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் கூந்தலைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"இனிமே யார் கேட்டாலும் கழட்டாத. என்ன?"

"சரிங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு, அவருக்கு ஆறுதலாகவே சொன்னாள்: "கவலைப்படாதீங்க. அந்தப் பையன் திரும்பி வருவான். அப்ப விலை கூடவே குடுப்பான்."

கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. அவள் அப்படித்தான் நம்பினாள். அவர் கொக்கியை மாட்டாமல் அப்படியே நின்றுவிட்டார். எதற்கு இவ்வளவு நேரம் ஆகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.