ஆளுக்கு அரை டீ

அந்த ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார ஒரு தகுதி வேண்டும். ஏதாவது ஒரு படகைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும். கடைக்காரர் அப்படிச் சட்டம் எதுவும் போடவில்லை. ஆனாலும் எந்த இடம் எந்தப் படகுக்காரர்களுக்கு என்பது கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். வெளியாள் வந்து உட்கார்ந்தால் யாரும் விரட்டமாட்டார்கள். "நீங்க எந்த போட்டு?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். பதில் இல்லாதவர் தானாக எழுந்துவிடுவார்.

பெயின்டரும் அப்படித்தான் எழுந்தார். சீசன் தொடங்குவதற்கு முன்னால் படகுகளுக்கு வர்ணம் அடித்துப் பெயர் எழுத வந்தவர். ஐம்பதை எட்டப் போகிற வயது. மனைவி போனபின் வீட்டில் வாய் திறந்து பேச ஆளில்லை. வேலை இருக்கிற ஊரில் மனிதர்களும் இருப்பார்கள் என்று நம்பிக் கிளம்பி வந்திருந்தார். மனிதர்கள் இருக்கத்தான் செய்தார்கள். கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்திய படகுகளைச் சுற்றி வலை பின்னிக்கொண்டும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டும் ஓயாமல் பேசிச் சிரித்தார்கள். அந்தப் பேச்சில் இவருக்குத்தான் இடமில்லை. பகலெல்லாம் பிரஷ்ஷோடும், ராத்திரி வாடகை அறையின் ஃபேனோடும் பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் அவரிடம் பேசியது மேஸ்திரி. படகுகளின் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து ஒழுகாமல் அடைக்கிறவர்.

"பெயின்டரே, ஒரு டீய ரெண்டு கிளாஸ்ல வாங்கிக்கலாமா? எனக்குச் சர்க்கரை இருக்கு. முழு டீ குடிச்சா என் சம்சாரம் வாசல்லயே மோப்பம் பிடிச்சிடுவா."

அன்றிலிருந்து ஆளுக்கு அரை டீ. நீலப் படகுக்காரர்களின் பெஞ்சில் மேஸ்திரிக்கு என்று ஒரு மூலை உண்டு. அதை விட்டுவிட்டு, பெயின்டரோடு கடைக்கு வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றே குடித்தார். ஏணி கொடுத்தார், எந்த முதலாளி பேரம் பேசி உயிரை வாங்குவார் என்று சொல்லிக் கொடுத்தார். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஆனால் நம் பெயின்டருக்கு வேண்டியிருந்தது. கிடைத்த ஒருவரைவிட, கிடைக்காத அந்தப் பெஞ்சின் மேல்தான் அவருக்குக் கண்.

நீலப் படகின் டிரைவர் ஒருநாள் போகிறபோக்கில் சொன்னார். "பேர் எழுதறத சீக்கிரம் முடிச்சிருங்க. தண்ணியில இறக்கற அன்னிக்கு நீங்களும் எங்ககூட ஏறிக்கலாம். அப்புறம் நீங்களும் நம்ம போட்டு ஆளுதான்."

நம்ம போட்டு ஆள்! பெயின்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாமலும் போய் நின்றார். மேஸ்திரி பஞ்சு வாங்க வெளியூர் போயிருந்தார். படகின் அடிப்பலகைகளில் அங்கங்கே கரிக்கட்டியால் பெருக்கல் குறி மாதிரி கோடுகள் இருந்தன. பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைத்தாரா, மேஸ்திரியின் வேலை என்று தெரிந்தேதான் செய்தாரா என்று கேட்டால் அவராலேயே நேராகப் பதில் சொல்ல முடியாது. அவசரம். உப்புத்தாளால் தேய்த்தார். பலகை விரிந்திருந்த இடங்களில் கோட்டின் மேலேயே பட்டிப் பசையை அப்பி மூடினார். அதன் மேல் நீல வர்ணம். பார்த்தால் படகு புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது.

அடுத்த நாள் காலையில் படகுக்காரர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து மெச்சினார்கள். டிரைவர் பெயின்டரின் தோளில் கை போட்டிருந்தபோதுதான் மேஸ்திரி பஞ்சுப்பொதியோடு வந்தார். வந்தவர் படகுக்கு அடியில் குனிந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் போட்ட கோடெல்லாம் எங்க?"

"என்ன கோடு?" என்றார் டிரைவர்.

"ஒழுகற இடத்துக்கெல்லாம் கரியில குறி போட்டுட்டுத்தான போனேன். தட்டித் தட்டிப் பாத்துக் குறிச்சது. பெயின்டரே, நீங்க பாத்தீங்கல்ல?"

எல்லாருடைய கண்ணும் பெயின்டர் மேல் திரும்பியது. தோளில் டிரைவரின் கை இன்னும் இருந்தது. பார்த்தேன், தெரியாமல் மூடிவிட்டேன் என்றால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கை எடுக்கப்பட்டுவிடுமே என்று பயந்துபோனார் பாவி மனிதர்.

"கோடா? அப்படி எதுவும் இல்லையேண்ணே."

டிரைவர் உச்சுக் கொட்டினார். போன சீசனில் தண்ணீர் வடிக்கிற ஓட்டைக்கு மேஸ்திரி அடைப்பு வைக்க மறந்து, கரையோரத்திலேயே படகில் தண்ணீர் ஏறிய கதை ஊருக்கே தெரியும். அதிலிருந்து மேஸ்திரிக்கு 'மறதி' என்று பட்டப்பெயர்.

"குறி போட்டதா கனவு கண்டிருப்பாரு நம்ம மறதி," என்றான் ஒருவன். சிரித்தார்கள். பெயின்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் முகத்தில் தானே காறித் துப்பத் தோன்றும்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கரி ஒட்டியிருக்கிறதா என்பதுபோல. "போட்ட மாதிரிதான் இருக்கு..." என்று முனகினார். பிறகு, "எதுக்கும் சுரண்டிப் பாத்துடறேன். கரையில நிக்கறப்போ பட்டி தாங்கும். அலை அடிச்சா தெறிச்சிடும்" என்றார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய்த் திரும்பியவர், தனியாக உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். பெயின்டருக்கு அறையில் இருப்புக்கொள்ளவில்லை. தானும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் போனார். வாய் வரவில்லை. அப்போது மேஸ்திரியின் தகட்டில் பட்டி ஒரு பாளமாகப் பெயர்ந்து மடியில் விழுந்தது. அவர் அதைத் திருப்பினார். உள்பக்கத்தில் கரிக்கோடு அப்படியே பதிந்திருந்தது.

மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்டரை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அந்தப் பக்கம் நீங்க சுரண்டுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தலை குனிந்து சுரண்டிய பெயின்டருக்கு, ஆசை ஆசையாகத் தான் அடித்த நீலம் மூக்கிலும் வாயிலும் தூசியாக ஏறியது.

சாயங்காலம் டீக்கடையில் டிரைவர் எல்லாரும் கேட்கிற மாதிரியே சொன்னார். "மேஸ்திரி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவ பக்கத்து ஊர் ஆள வச்சுப் பாத்துக்கறோம். கடல்ல போற உயிர் பாருங்க. நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

மேஸ்திரியின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. வெறுமனே திரும்பி வந்தது.

"சரி தம்பி," என்றார்.

டிரைவர் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சின் மூலையைத் தட்டினார். "பெயின்டரே, ஏன் நிக்கிறீங்க? வாங்க, உக்காருங்க."

அது மேஸ்திரியின் மூலை. பெயின்டர் இத்தனை நாள் ஏங்கிய இடம். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் கூசியது. டிரம் பக்கத்தில் தனியாக நின்ற மேஸ்திரியைப் பார்த்தார். நெருப்பில் உட்கார்ந்தவர்போல எழுந்தார்.

"அண்ணன் கோடு போட்டிருந்தார். நான்தான் அது மேல பட்டி வச்சு மூடினேன். கேட்டப்போ பொய் சொன்னேன். அவர் பையிலயே இருக்கு, பாருங்க."

மேஸ்திரி அந்தப் பாளத்தை எடுத்து, கோடு தெரிகிற பக்கம் மேலாகப் பெஞ்சில் வைத்தார். டிரைவர் அதைப் பார்த்தார், பெயின்டரைப் பார்த்தார். "கடல்ல போறவன் உயிரோட விளையாடியிருக்கியேய்யா," என்றார். பிறகு எழுந்துபோய் மேஸ்திரியின் கையைப் பிடித்தார். "அண்ணே, மன்னிச்சுக்குங்க. நீங்கதான் பாக்கணும். வந்து உக்காருங்க."

மேஸ்திரி தன் மூலையில் உட்கார்ந்தார். எதிரே நின்ற பெயின்டரிடம் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"மத்தியானம் வீட்டுக்குப் போயி, எனக்குப் புத்தி பிசகிடுச்சான்னு என் சம்சாரத்துகிட்ட கேட்டேன். அவ அழுதா பெயின்டரே."

பெயின்டருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

உள்ளே அடுப்படியில் இருந்ததால் எதுவும் காதில் விழாத கடைக்காரர் வழக்கம்போல ஒரு டீயை இரண்டு கிளாஸில் பிரித்துக் கொண்டுவந்து மேஸ்திரி முன்னால் வைத்தார். பெயின்டரின் கை, வெட்கம் கெட்ட கை, கொஞ்சம் முன்னால் நீண்டது. மேஸ்திரி ஒரு கிளாஸை எடுத்து மற்றதில் ஊற்றினார். காலி கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முழு டீயையும் மெதுவாகக் குடித்தார்.