சின்னாவுக்காக ஒரு மொட்டை

சித்தூரில் மொட்டைத் தலையோடு ஒருவன் தெருவில் நடந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. திருப்பதி லட்டு எங்கே என்றுதான் கேட்பார்கள். அந்த ஊரிலேயே பிறந்து, தலை நரைக்கிற வரை அங்கேயே குப்பை கொட்டிய பாஸ்கருக்கு இது மறந்துபோனதுதான் வேடிக்கை.

மறந்ததற்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னா செத்துப்போயிருந்தான்.

சின்னா ஒரு ராட்வீலர் நாய். வாங்கி வந்த அன்று காய்கறிப் பைக்குள் அடங்கிக் கிடந்தானே என்று பாஸ்கரின் மனைவி கன்னிகா வைத்த பெயர். அவன் அரிசி மூட்டை கனத்துக்கு வளர்ந்த பிறகும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. கறுப்பு உடம்பு, பானை போன்ற தலை. தெருவே நடுங்கியது. கூரியர்க்காரன் பார்சலை மதிலுக்கு மேலே வீசிவிட்டு வண்டியைக் கிளப்புவான். பாஸ்கரோடு ஒரே ஃபேக்டரியில் வேலை செய்யும் அடுத்த தெரு தாட்சாயணி, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போக ஊரைச் சுற்றிக்கொண்டு போவாள். 'இது கொலைகார ஜாதி' என்று வரும் வீடியோக்களை எல்லாரும் அக்கறையாகப் பாஸ்கருக்கே அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் கொலைகாரன் குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். பாதி உடம்புதான் உள்ளே போகும். இதைப் பாஸ்கர் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. அவன் ஒல்லி ஆள். ஆட்டோக்காரன் அதட்டினாலே கேட்ட காசைக் கொடுத்துவிடுகிறவன். சின்னாவின் சங்கிலியைப் பிடித்து நடக்கிற நேரத்தில் மட்டும்தான் அவனைக் கண்டு நாலு பேர் ஒதுங்கினார்கள். அந்த மரியாதையை எதற்குக் கெடுத்துக்கொள்வது என்று இருந்துவிட்டான்.

பாகாலாவில் கன்னிகாவின் அண்ணன் மாந்தோப்பில் சின்னாவைப் புதைத்தார்கள். திரும்பும் வழியில் பாஸ்கர் ஒரு சலூனில் போய் உட்கார்ந்து, மொத்தமாக எடுத்துவிடச் சொன்னான். ஏன் என்று கேட்டிருந்தால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வெளியில் நின்றிருந்த கன்னிகா அந்தத் தலையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனான். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை. சூப்பர்வைசர் முரளி தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

“ஏமய்யா பாஸ்கர், தர்சனம் பாகா அயிந்தா? லட்டு எங்க?”

பாஸ்கர் வாயைத் திறந்தான். நாய் செத்துப்போச்சு சார் என்று சொல்லத்தான் திறந்தான்.

“நல்லா ஆச்சு சார்.”

“கூட்டமா?”

“கூட்டம்தான். ஆனா நம்மள ஒண்ணும் தள்ளல.”

பொய் சொல்லத் தெரியாதவன் என்று தன்னைப் பற்றி அதுநாள்வரை நினைத்திருந்தான். க்யூவில் பக்கத்தில் நின்ற குழந்தை அழுததுவரை சொல்லி முடித்தபோது அவனுக்கே கொஞ்சம் புல்லரித்தது. கணக்கு எழுதுகிற மேசையிலிருந்து அந்தத் தாட்சாயணி தலையை நீட்டினாள்.

“எம் பொண்ணுக்கு எக்ஸாம்ணா. அவளுக்கு ஒரு லட்டு தனியா எடுத்து வையி. ஆமா, அந்த நாயக் கட்டிப்போட்டுத்தானே போனே?”

“கட்டித்தான் போட்டிருக்கேன்” என்றான் பாஸ்கர்.

அந்த வார்த்தைதான் அன்று முழுக்க நெஞ்சில் முள்ளாக நின்றது. வீட்டுக்குள் சின்னாவை அவன் ஒருநாளும் கட்டிப்போட்டதில்லை.

லட்டு நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துப் பார்த்தான். முரளி விடுகிறவராக இல்லை. கடைசியில் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்கு ரயிலேறினான். மலைக்குப் போய் லட்டு வாங்கி வந்துவிட்டால் பொய்யில் பாதியாவது நிஜமாகிவிடும் என்று கணக்கு. பாகாலாவில் வண்டி நின்றபோது தோப்பு இருக்கிற திசையில் பார்க்காமல், எதிர் சீட்டுக்காரரின் பேப்பரைத் தலைகீழாகப் படித்தான்.

திருப்பதியில் மலை பஸ்ஸில் ஒரு காலை வைத்தபோது போன் அடித்தது. கன்னிகா.

“எங்க கீறீங்க?”

“திருப்பதில. மலைக்குப் போய் லட்டு வாங்கிக்கினு வந்துட்றேன். அந்த முரளி சாரு உசுர எடுக்கறாரு.”



“உங்க நைனா செத்தப்ப ஒரு வருஷம் மலை ஏறாம இருந்தோமே.”

“அது நைனாடி.”

“சரி. சாவு விழுந்த வீடுன்னா ஏறக் கூடாது. நம்ம வீட்ல சாவு விழலன்னா தாராளமா ஏறுங்க. நாலு நாளா நான் ஒருத்திதான் அழுதுக்கினு கீறேன். அதையும் நிறுத்திக்கிறேன்.”

போனை வைத்துவிட்டாள்.

“எக்கண்டி, எக்கண்டி!” என்று ஏறச் சொல்லிக் கண்டக்டர் கத்தினார். பின்னாலிருந்து ஆட்கள் நெட்டித் தள்ளினார்கள். நாய்க்குத் தீட்டு எத்தனை நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. ஐயர் யாரையாவது கேட்டால் சிரிப்பார். படியில் இருந்த காலைப் பாஸ்கர் பார்த்தான். அது மேலே ஏறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் யாரும் சாகவில்லை என்று ஆகிவிடும்.

“சாமி, ஏறுறியா, இறங்குறியா?” என்றார் கண்டக்டர்.

“எங்க வீட்ல சாவு” என்றான் பாஸ்கர். “நான் ஏறக் கூடாது.”

“அய்யோ, ஜருகண்டி, வழி விடுங்க!” கண்டக்டரே கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முரளி கையை நீட்டிக்கொண்டே வந்தார். “லட்டு?”

“இல்ல சார். நான் மலைக்கே போகல. எங்க வீட்ல சாவு சார், அதான் மொட்டை.”

முரளியின் கை இறங்கியது. “அய்யய்யோ, யாருய்யா?”

“சின்னா. எங்க நாயி.”

முரளியின் மீசை ஒரு பக்கம் துடித்தது. “நாய்க்கா மொட்டை அடிச்சே?”

“ஆமா சார். நாய்க்குத்தான்.”

இந்த இடத்தில் தன்னையே கிண்டலடித்து ஏதாவது சொல்லிவிடுவது பாஸ்கரின் வழக்கம். அன்று ஒன்றும் வரவில்லை. முரளியை நேராகப் பார்த்தான்.

“கட்டிப்போட்டிருக்கேன்னு சொன்னியேண்ணா” என்றாள் தாட்சாயணி.

“பொய்யிம்மா.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். “எனக்கு அத்தக் கண்டா உசுரே போயிடும்ணா. நெசமாச் சொல்றேன், இப்ப நீ சொன்னதும் மொதல்ல அப்பாடான்னுதான் இருந்துச்சி.” கொஞ்சம் தயங்கினாள். “கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?”

எல்லாச் சாவு வீட்டிலும் கேட்கிற கேள்வி. இந்த ஒரு வாரத்தில் அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. பாஸ்கர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“கிட்னி போயிடுச்சிம்மா. சனிக்கிழமை தயிர்சோறு பெசஞ்சி வச்சேன், துன்னல. எம் முகத்தையே பாத்துக்கினு இருந்தான்...”

வெளியே எடைமேடையில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். முரளி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இரு என்று காட்டிவிட்டு, பாஸ்கர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.