கல் வைத்தது யார்

மலேசியாவில், கிள்ளானை அடுத்த காப்பாரில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். டிராக்டரின் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெய் ஒழுகுகிறதென்று கூப்பிட்டிருந்தார்கள். கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் கமலநாதனும், அவரிடம் பதினொரு வருஷமாக வேலை பார்க்கும் ராசிக்கும் லோரியில் போய் இறங்கினார்கள். ஜாக்கி இருந்தது. தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டேண்டுகளைத்தான் காணோம். ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தவர் கமலநாதன்.

"நான் போய் எடுத்துட்டு வந்துர்றேண்ணே," என்றான் ராசிக்.

"இந்த டிராபிக் ஜேம்ல ரெண்டு மணி நேரம் ஆகும்லா. அதோ சிமெண்டுக் கல்லு கெடக்குதே, போதும்."

"அது உள்ளுக்கு ஓட்டைண்ணே. நொறுங்குனா சொல்லிட்டு நொறுங்காது."

"முப்பது வருஷமா வண்டி தூக்குறேன். பயமா இருந்தா நீ லோரில போய் உக்காரு."

தோட்டத்து ஆள்கள் சிரித்தார்கள். ராசிக்கின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவன் லோரிக்குப் போகவில்லை. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தான். மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி புதையாமலிருக்கத் தடித்த பலகை போட்டான். கமலநாதன் வண்டியைத் தூக்கி, அச்சுக்கடியில் தன் கையாலேயே கற்களை அடுக்கி, பாரத்தை அவற்றின்மேல் இறக்கினார். சக்கரத்தைக் கழற்றியதும் ராசிக் லோரியில் கிடந்த மரக்கட்டைகளை எல்லாம் கொண்டுவந்து பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினான். அவை அச்சை எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது.

"என்னடா, வீடு கட்டுறியா?" என்று சொல்லிக்கொண்டே கமலநாதன் அடியில் நுழைந்தார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கல் பொரபொரவென்று உதிர்ந்தது. வண்டி ஒரு சாண் இறங்கி, மரக்கட்டைகளில் மோதி நின்றது. தலையும் நெஞ்சும் தப்பின. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ராசிக்தான் மறுபடி ஜாக்கியை ஏற்றி, அவரை வெளியே இழுத்தான்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி ரமணி ஓடிவந்தாள். "கல்லையா வெச்சீங்க? எந்த மடையன் வெச்சது?"

"ராசிக்... அவசரப்பட்டுட்டான்."

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து தானாக விழுந்தது. அதை அள்ளி எடுப்பதற்குள் ராசிக்கே பிளாஸ்டிக் பையில் கட்டிய டீயோடு உள்ளே வந்துவிட்டான்.

"ஒன்ன எங்க வீட்டுப் புள்ளையா நெனச்சமே தம்பி! கொல்லப் பாத்தியே!"

ராசிக் கமலநாதனைப் பார்த்தான். கமலநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க அண்ணி," என்று சொல்லி, டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அதன்பின் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ரமணி அதையே சொன்னாள். அவன் பெயர் வரும்போதெல்லாம் கமலநாதன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். முகம் எரிந்தது.

வீடு திரும்பிய அன்று ரமணி பட்டறைச் சாவியை அவர் முன் வைத்தாள். "இனிமே வர வேணாம்னு போன வாரமே ராசிக்கிட்ட சொல்லிட்டேன். ஒரு வார்த்த பேசாம குடுத்துட்டான்."

கமலநாதன் சாவியைக் கையில் எடுத்தார். "கல்லு வெச்சது நான்தான், ரமணி."

"என்னது?" என்றாள்.

"வேணாம்னு சொன்னான். நான் கேக்கல. பக்கத்துல கட்டை அடுக்குனதும் அவன்தான். அது இல்லேன்னா இன்னைக்கு நான் இல்ல."

"படுபாவி, என் வாயால என்னென்ன பேச வெச்சீங்க..." அவள் கார்ச் சாவியை எடுத்தாள். "எந்திரிங்க."

ராசிக் குடியிருந்தது லிப்ட் இல்லாத அடுக்குமாடியில், மூன்றாவது மாடி. ஊன்றுகோலோடு ஏறி முடிக்கையில் கமலநாதனுக்குச் சட்டை நனைந்திருந்தது. கதவைத் திறந்த ராசிக்கின் மனைவி நிலோபர், "வாங்கண்ணே, உக்காருங்க," என்று நாற்காலி இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். ரமணி நிலோபரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ராசிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பயத்துல சொல்லிட்டீங்க, பரவால்லண்ணே."

"பயம் இல்லடா. நான் வெச்ச கல்லுன்னு சொல்ல வெக்கம்."

"ஸ்ரீ கெம்பாங்கான்ல போர்க்லிப்ட் கம்பெனில வேலை கெடச்சிருச்சு. திங்கக்கெழம போறேன்."

"நம்ம பட்டறைக்கே வந்துருடா."

"அண்ணி ஏசுனது வலிக்கல. அவங்களுக்குத் தெரியாது. நீங்க செவுத்துப் பக்கம் திரும்பிட்டீங்களே, அதான் முடியல."

கமலநாதன் ஊன்றுகோலை ஊன்றி வாசல் பக்கம் நடந்தார்.

இறங்கும்போது படியில் ஊன்றுகோல் வழுக்கியது. பின்னாலேயே வந்த ராசிக் அவருடைய கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டான். கமலநாதன் தன் பாரத்தை அவன்மேல் சாய்த்தார். மூன்று மாடியும், ஒவ்வொரு படியாக, அவன் முகத்தைப் பார்க்க முடியாமலே இறங்கினார்.