மழைக்கு விட்ட இடம்

இருளப்பனை இடுகாட்டுக்குத் தூக்கிப் போன ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. அதற்குள் அவருக்காக ஏற்றிய விளக்கு மறுபடியும் அணைந்துவிட்டது. தீப்பெட்டியைத் தேடிய அவர் மனைவி ரஞ்சிதம், சாத்தியிருந்த வாசற்கதவைத்தான் முறைத்தாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையும் சந்து. தேயிலை மேட்டுக் காற்று அதன் வழியாகச் சொந்த வீடுபோல வந்து போனது.

"போன மனுசன் சும்மா போனாரா!" என்று பல்லைக் கடித்தாள்.

மலேசியாவின் கேமரன் மலையில் அந்த வாரம் அடித்ததுபோல் ஒரு வெயிலை யாரும் பார்த்ததில்லை. கம்பளிச் சட்டைகளெல்லாம் கொடிக்குப் போய்விட்டன. வருடமெல்லாம் பனியில் ஊறி, தோளால் இடித்தால்தான் திறக்கும் அந்தக் கதவுகூடக் கொஞ்சம் இளகியது. இதுதான் சமயமென்று இருளப்பன் மரம் சீவும் இழைப்புளியைக் கையில் எடுத்தார். தொழிற்சாலையில் இலை வாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வீட்டில் அவர் கைவைத்த எதுவும் உருப்பட்டதில்லை. அவர் பழுது பார்த்த குழாய் நிற்காமல் ஓடியது. ரேடியோ அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

வேர்க்க விறுவிறுக்க இழைத்துத் தள்ளிக் கதவை மாட்டினார்.

"ஐயோ, இவ்வளவு சந்தா? பூனையே புகுந்துடும் போலருக்கே!"

"மழை வரட்டும் லா, புள்ள. மரம் தண்ணி குடிச்சு உப்பும். அப்பப் பாரு."

"ஆமா, ரேடியோவுக்கும் இப்படித்தான் ஏதோ சொன்னீங்க."

சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அந்தக் கிண்டல்தான்.

இடுகாட்டிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் சந்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"கருமாதி வரைக்கும் வெளக்கு அணையக் கூடாது தங்கச்சி. ஒரு பலகைய வச்சு அடிச்சிடறேன்."

"வேணாம்ணே. மழை வந்தா சரியாயிடும்னாரு."

"அவரு செஞ்சதுல எது தங்கச்சி சரியாச்சு?"

துக்க வீடென்றும் பாராமல் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரஞ்சிதமும் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியபோதும் பலகை வேண்டாமென்று தலையாட்டினாள்.

சாயங்காலமானால் அவருடைய கம்பளிச் சட்டையைச் சந்தில் திணித்தாள். ஒரு கை மட்டும் வெளியே தொங்கிக் காற்றில் ஆடியது.

"அக்கா, மாமா டாட்டா காட்டறாரு!" என்றாள் ஆண்டியப்பன் மனைவி பாஞ்சாலை.

கருமாதிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஓயாத இரைச்சல். கருமாதியன்று காலையில் சட்டையை உருவப் போனாள், வரவில்லை. கதவு கவ்விப் பிடித்திருந்தது. திறந்து, சட்டையை எடுத்துவிட்டு, மெல்லச் சாத்தினாள். கதவு சத்தமில்லாமல் நிலைக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு நூல்கூட நுழைய இடமில்லை. விளக்குச் சுடர் அசையாமல் நின்றது.

வெளியே ஆண்டியப்பன் விரல் நுழைய இடம் தேடிக் கதவைத் தடவும் சத்தம் கேட்டது.

ரஞ்சிதம் கதவைத் திறந்து சாத்தினாள். இன்னொரு தடவையும் திறந்து சாத்தினாள். பிறகு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து, குமிழைத் திருகிவிட்டுக் காத்திருந்தாள்.