பன்னிரண்டு லட்சம் கன்று

நாடாளுமன்ற மேலவையில் கேள்வியால் கெட்ட அமைச்சர் கிடையாது. துணைக் கேள்வியால் கெட்டவர்கள் உண்டு. முதல் கேள்வி பத்து நாளைக்கு முன்பே எழுத்தில் வந்துவிடும். அதிகாரிகள் பதில் எழுதி, ஏழு கையெழுத்து வாங்கி, கண்ணாடி போடாமலே வாசிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பதிலைக் கேட்ட செனட்டர் மறுபடி எழுந்து, மனசில் பட்டதைக் கேட்பார் பாருங்கள், அங்கேதான் வினை.

தென்னை அமைச்சுக்கு அந்த வினை மே மாதம் வந்தது. அமைச்சின் முழுப் பெயர் இரண்டு வரி நீளம் என்பதால் தாழ்வாரத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். துணையமைச்சர் டத்தோ ஹம்ஸானி தேங்காய் உற்பத்தி பற்றி எட்டு நிமிடம் வாசித்து உட்கார்ந்ததும், ஒரு செனட்டர் எழுந்து, "இன்னிக்கு ஒரு தேங்கா என்ன விலைங்க?" என்றார். துணையமைச்சர் கையில் இருநூறு பக்கக் கோப்பு இருந்தது. விலை இல்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிய காட்சிக்கு யாரோ பாட்டுச் சேர்த்து நாடு முழுக்கச் சுற்றவிட்டார்கள். மூன்று அதிகாரிகளை லாபுவான் தீவுக்கு மாற்றினார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று புலம்பக்கூட வழியில்லை, சுற்றிலும் தண்ணீர்தான்.

அடுத்து மாற்றலாகப்போகிற நான்காவது ஆள் யார் என்பதில் நாடாளுமன்றப் பிரிவின் தலைவி புவான் சல்வாவுக்குச் சந்தேகமே இல்லை. பதில்களை எழுதும் அதிகாரி ருஸ்தாமைக் கூப்பிட்டார்.

"புதன்கிழமை நாலாம் எண் கேள்வி நம்மளோடது. கேக்கப்போறது செனட்டர் லோ சியூ கிம். தென்னைக் கொள்கை எந்த அளவுல இருக்குனு கேட்டிருக்காங்க. துணைக் கேள்வி என்னன்னு செவ்வாக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தெரியணும்."

"கேட்டுப் பார்க்கிறேன், புவான்."

"கேட்டுப் பார்க்காத. கேட்டுக்கிட்டு வா. அந்தம்மா ரெண்டரை வருஷமா அங்க வாயே தெறக்கல. பேசுறவங்களை நம்பலாம் ருஸ்தாம். பேசாம உக்காந்திருக்கவங்கதான் குண்டு வெச்சிருப்பாங்க."

இப்படி முன்கூட்டியே போய்க் கேட்பது வழக்கம்தான். பெரும்பாலான செனட்டர்கள் சொல்லியும் விடுவார்கள். கேட்கிற செனட்டருக்கும் பதில் கிடைக்கும், பதில் சொல்கிற அமைச்சருக்கும் மானம் மிஞ்சும்.

ருஸ்தாமுக்கு வயது நாற்பத்தாறு. மகளுக்கு இந்த வருடம் பரீட்சை. மனைவி ஆசிரியை, நினைத்த மாத்திரத்தில் ஊர் மாற முடியாது. லாபுவான் என்றால் தனியாகப் போய் டின் மீன் தின்ன வேண்டியதுதான். அதற்கும் மேல் யாரிடமும் சொல்லாத ஓர் உறுத்தல் அவனுக்கு இருந்தது. 'தேசியத் தென்னைக் கொள்கையின் கீழ் பன்னிரண்டு லட்சம் கன்றுகள் வழங்கப்பட்டுள்ளன' என்ற பதிலை எழுதியவன் அவன்தான். ஆறு வருடமாக அதே வாக்கியம். எண் மட்டும் வருடாவருடம் வளர்ந்தது. அதில் நூற்றிருபது கன்று பாகான் டத்தோ என்ற ஊரில் இருக்கும் அவன் மாமனாருக்குப் போனது. டிசம்பர் வெள்ளத்தில் லாரி வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது, ஒன்றுகூடத் தேறவில்லை. பெருநாளுக்குப் போனால் மாமனார் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்: "வாங்க மாப்பிள்ளை, உங்க கணக்குல என் மரம் இந்நேரம் காய்ச்சிருக்குமே, ரெண்டு இளநி வெட்டட்டா?"

திங்கட்கிழமை செனட்டர் லோ நாடாளுமன்ற உணவகத்தில் கறிபாப் தின்றுகொண்டிருந்தார். ஈப்போவில் முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அறுபத்து மூன்று வயது. ருஸ்தாம் பணிவாக எதிரே போய் நின்றான்.

"மேடம், புதன்கிழமை துணைக் கேள்வி..."

"அது எதுக்கு உனக்கு?"

"பதில் தயார் பண்ணி வெச்சா டத்தோவுக்கு வசதியா இருக்கும்."

"என்கிட்ட இருபதாயிரம் பேர் ஓட்டக் கத்துக்கிட்டாங்க தம்பி. ஒருத்தனுக்காவது எந்த ரோட்டுல டெஸ்ட்டுனு முன்னாடியே சொல்லியிருப்பேனா? போ, போய்ப் படி."

போனான். அன்று மாலை மூன்று முறை போன் செய்தான், எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நூலகத்தில் பிடித்தான். அவர் ஒரு தடித்த புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மின்தூக்கிக்குள் பின்தொடர்ந்தான். அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போய்விட்டார். நாலு மணிக்கு ருஸ்தாம் லாபுவானில் வீட்டு வாடகை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. தன் அறைக்கு வரச் சொன்னார்.

"கதவைச் சாத்து. யாருகிட்டயும் சொல்லமாட்டியே?"

"மாட்டேன், மேடம்."

"என்கிட்ட கேள்வியே கிடையாது லா."

ருஸ்தாமுக்குப் புரியவில்லை.

"அந்த நாலாம் எண்ணுகூடக் கட்சி ஆபீஸ்ல எழுதிக் குடுத்தது. நியமனம் பண்ணாங்க, வந்து உக்காந்தேன். அந்த மைக்குல சிவப்பு விளக்கு எரிஞ்சா எனக்கு வார்த்தையே வரமாட்டேங்குது. முப்பது வருஷமும் பக்கத்து சீட்டுதான் தம்பி. என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். எவன் எப்படி ஓட்டுனாலும் பயமில்ல. இங்க பிரேக் எங்க இருக்கு? நீ படிச்ச பையன். நீயே ஒண்ணு எழுதிக் குடுத்துடேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினான்: 'இந்தச் சிறப்பான முயற்சியை அமைச்சு வரும் ஆண்டுகளிலும் தொடருமா?' பதில்கூட எழுதத் தேவையில்லை. தொடரும்.

செனட்டர் லோ இரண்டு முறை படித்தார்.

"இது கேள்வி இல்ல தம்பி. ஹாரன். சத்தம் வரும், வண்டி நகராது." தாளை மேசையில் வைத்தார். "எனக்குத் தென்னையப் பத்தி ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரியும். என் எடத்துல நீ இருந்தா என்ன கேப்ப?"

"பன்னிரண்டு லட்சத்துல எத்தனை உயிரோட இருக்குனு கேப்பேன்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்றே அவனுக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எத்தனை இருக்கு?"

"தெரியாது, மேடம். யாரும் எண்ணல. குடுத்ததை மட்டும்தான் எண்ணுவோம்."

அந்த அம்மாள் மேசையிலிருந்த தாளை எடுத்தார். அந்த ஹாரனை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நீ எழுதினதையே கேக்குறேன். நீ பிள்ளைகுட்டிக்காரன். போ."

ஐந்து மணிக்கு புவான் சல்வா அந்தக் கேள்வியைப் படித்து மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

புதன்கிழமை பதினோரு மணி. அவைக்குள் அதிகாரிகள் போனை எடுக்கக் கூடாது. துணையமைச்சருக்கு ஏதாவது சொல்லவேண்டுமானால் துண்டுச்சீட்டில் எழுதிப் பணியாளரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். ருஸ்தாமும் புவான் சல்வாவும் அதிகாரிகள் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டத்தோ ஹம்ஸானி பன்னிரண்டு லட்சத்தை வாசித்து முடித்து, கம்பீரமாக உட்கார்ந்தார்.

செனட்டர் லோ எழுந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. தாளை விரித்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் தாளைப் பார்த்தார், நிமிர்ந்து அதிகாரிகள் வரிசையைப் பார்த்தார். தாளை மடித்தார்.

"அந்தப் பன்னிரண்டு லட்சத்துல இன்னிக்கு எத்தனை உயிரோட இருக்கு?"

டத்தோ ஹம்ஸானி தயாரித்து வந்த பதிலோடு துள்ளி எழுந்தார். "நிச்சயமாகத் தொடரும்!"

அவை கொல்லென்று சிரித்தது. அவைத் தலைவர், "டத்தோ, அவங்க கேட்டது அது இல்லீங்களே" என்றார்.

துணையமைச்சர் திரும்பி அதிகாரிகள் வரிசையைப் பார்த்தார். மே மாதம் பார்த்த அதே பார்வை. புவான் சல்வா கண்ணிமைக்கும் நேரத்தில், எல்லா அமைச்சுகளையும் காலங்காலமாகக் காப்பாற்றிவரும் அந்த வரியை எழுதினார்: 'அதை எழுத்து மூலம் தருகிறோம்.' ருஸ்தாமும் ஒரு சீட்டை எடுத்தான். மகள் முகம் நினைவுக்கு வந்தது. மகா பயமாக இருந்தது. ஆனாலும் எழுதினான்: 'எண்ணவில்லை.'

பணியாளர் இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு போனார். டத்தோ ஹம்ஸானி கையில் கொடுப்பதை வாசித்துப் பழகியவர். இரண்டையும் வாசித்தார்.

"எண்ணவில்லை. அதை எழுத்து மூலம் தருகிறோம்."

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லாமல் மேசைகள் அதிர்ந்தன. அவைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு மூத்த செனட்டர் எழுந்து, இருபது வருட அரசியலில் தான் கேட்ட முதல் நேர்மையான பதில் இதுதான் என்று பாராட்டினார். டத்தோ ஹம்ஸானிக்கு எதற்கென்று விளங்கவில்லை. இருந்தாலும் நெஞ்சில் கைவைத்து ஏற்றுக்கொண்டார்.

தாழ்வாரத்தில் புவான் சல்வா காத்திருந்தார். "அந்தக் கேள்வி யாருது?"

"என்னுதுதான்" என்றார் பின்னால் வந்த செனட்டர் லோ.

"இல்ல, புவான்" என்றான் ருஸ்தாம். "நான் சொன்னது."

புவான் சல்வா அவன் பக்கம் திரும்பினார். "கேள்வியும் உன்னுது, பதிலும் உன்னுது. அப்புறம் எதுக்குடா எங்களுக்கெல்லாம் சம்பளம்? லாபுவான் உத்தரவு இன்னிக்கே தயாராயிடும்." கோபமாகத்தான் இருந்தார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. "எழுத்துப் பதிலுக்குப் பதினாலு நாள் இருக்கு. எண்ணிக் குடுத்துட்டுப் போ. அந்தக் கன்னுக் கணக்கு உன்னைத் தவிர வேற யாருக்கும் தெரியாது."

கன்று வாங்கியவர்களின் பட்டியல் கிடங்கிலிருந்து எட்டுப் பெட்டிகளில் வந்தது. மாமனார் பெயருக்கு எதிரே சைபர் போட்டான். அதற்குப் போன் தேவைப்படவில்லை. மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்தான்.

"வணக்கம், அமைச்சுலேருந்து பேசுறேன்" என்றதும் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். "எங்கிட்ட பேங்க் கணக்கே இல்லடா, மோசடிப் பயலே!" என்று ஓர் அம்மாள் திட்டினார். தென்னங்கன்று சௌக்கியமா என்று விசாரிக்கிறவன் வேறு யாராக இருக்க முடியும்? முப்பத்தெட்டாவது அழைப்பில் ஒரு கிழவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ மோசடிக்காரனா, அரசாங்கமா?"

"அரசாங்கம், ஐயா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சரி, சொல்லு."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு அறுபது கன்னு குடுத்தோம். அதுல எத்தனை உயிரோட இருக்கு?"

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. வைத்துவிடப்போகிறார் என்றுதான் நினைத்தான்.

"இரு" என்றார் கிழவர். "போய் எண்ணிட்டு வரேன்."

போனை எதன் மேலோ வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. எங்கோ ஒரு கோழி கத்தியது. ருஸ்தாம் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். ஆறு வருடம், ஏழு கையெழுத்து, ஓர் அமைச்சே சேர்ந்து செய்யாத வேலையை அந்த மனிதர் கேட்ட மாத்திரத்தில் எழுந்து செய்யப் போய்விட்டார். ருஸ்தாமுக்கு அழுகை வந்தது.

கால்மணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்தார்.

"பதினொண்ணு. ஒண்ணு மட்டும் கொஞ்சம் சாஞ்சு நிக்குது. அதையும் சேத்துக்கலாமா?"

"சேத்துக்கலாம், ஐயா" என்று சொல்லிப் பதினொன்று என்று எழுதினான்.