இன்னும் ஓர் அட்டை

பேச்சியம்மாள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான்: விருதுநகர்ப் பயிற்சியில் சொன்னதை நம்பித் தொலைத்தாள். ‘எல்லாப் பிள்ளைக்கும் எட்டும் பாடம்’ என்று பேனர் கட்டி, போண்டாவும் டீயும் கொடுத்து, பிள்ளையின் வீட்டிலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மற்ற வாத்தியார்கள் போண்டாவோடு அதை மறந்துவிட்டார்கள். இவள் வீட்டுக்கு வந்து அட்டை வெட்ட உட்கார்ந்தாள்.

எல்லாம் பொன்மணிக்காக. பிறவியிலேயே காது கேட்காத பெண். பள்ளிக்கூடத்துக்கே தாமதமாக வந்ததால் பத்தாம் வகுப்பிலேயே பதினெட்டு வயது முடிந்துவிட்டது. சாத்தூர் பக்கத்து ஊர் அது. பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் போகாத வீடு கிடையாது. அதனால் வேதியியலைப் பட்டாசிலிருந்தே தொடங்கினாள் பேச்சியம்மாள். எந்த உப்பு பச்சையாக எரியும், எது சிவப்பு, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வண்ணப் படமாக அட்டையில் வரைந்தாள். கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்தபடியே வளர்ந்த பெண், ஒரு நாள் தானாக எழுந்து வந்து கரும்பலகையில் விடை எழுதினாள். பேச்சியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவளைப் பத்தாவது தேற வைத்துவிடலாம், கம்பெனி வாசலை மிதிக்கவிடாமல் காப்பாற்றிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினாள்.

பரீட்சை நெருங்கும் நேரத்தில் பொன்மணி வகுப்புக்கு வரவில்லை. அவள் அம்மா வேலுத்தாய்தான் வந்தாள், ஒரு பொட்டலம் காராச்சேவோடு.

“நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். எங்க கம்பெனியிலயே பிள்ளைய எடுத்துக்கிட்டாக.”

“காது கேக்காதவ வேண்டாம்னுல்ல விரட்டுனாக?”

“முன்னாடி விரட்டுனாக. இந்த வாட்டி உங்க அட்டையெல்லாம் போர்மேன் முன்னால விரிச்சுக் காட்டுனா. இம்புட்டுத் தெரிஞ்ச பிள்ளையான்னு அசந்துட்டாரு. வெடிமருந்து கலக்குற ரூம்புல போட்டிருக்காக.”

விபத்தென்றால் முதலில் போவது அந்த அறைதான்.

“பரீட்சை மட்டும் எழுதட்டும் வேலுத்தாயி. உன் காலப் பிடிச்சுக் கேக்கேன்.”

“எழுதிட்டுப் பதினொண்ணாம் வகுப்புக்கு எங்கன போவா டீச்சர்? அங்கன யாரு அவளுக்கு அட்டை எழுதுவாக?”

பேச்சியம்மாளுக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் இல்லை.

வேலுத்தாய் கொஞ்சம் தயங்கினாள். “போர்மேன் இன்னும் ஒரு அட்டை கேட்டாரு. ‘ஓடு’ன்னு. ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க கத்துறது அவளுக்குக் கேக்காதுல்ல? நல்லாப் பெருசா எழுதிக் குடுங்க.”

பேச்சியம்மாள் சிவப்பு அட்டையை எடுத்து, ஓடுகிற ஒரு பெண்ணை வரைந்தாள். ரெட்டைச் சடையும் போட்டாள். “நம்ம பொன்மணி மாதிரியே இருக்கே!” என்று வேலுத்தாய் சிரித்து, அதை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தெரு முக்குத் திரும்பிய பிறகுதான் பேச்சியம்மாளுக்கு உறைத்தது. பொன்மணி குனிந்து மருந்து நிறுத்துக்கொண்டிருப்பாள். அட்டையைப் பார்க்க அவள் நிமிர வேண்டும். நிமிர வேண்டுமென்றால் யாராவது கூப்பிட வேண்டும்.