பச்சை வயர்

அம்மா தனியாக இருக்கும் வீட்டில், கூடத்து ஸ்விட்ச் போர்டுக்கு மின்சாரம் வருவது பச்சை வயரில். தொழில் கற்ற எவனுக்கும் பச்சை என்றால் எர்த். கண்ணை மூடிக்கொண்டு தொடலாம். ஆனால் அங்கே வயர் இழுத்தவர் அப்பா. அப்பா செய்துவிட்டால் மூத்த மகனுக்கு அதற்கு அப்பீலே கிடையாது.

மூத்தவனும் எலக்ட்ரீஷியன்தான். ஊரார் வீட்டில் நிறம் மாறியிருந்தால், "எந்தப் புண்ணியவான் பாத்த வேலை இது?" என்று வறுத்தெடுப்பான். கூட வேலை செய்பவன் ஒருமுறை இந்தப் போர்டைப் பார்த்துவிட்டு, "மாத்திடுவோம்ணே, அரை நாள் வேலை" என்றான்.

"அப்பா கைபட்டது. அவரு கணக்கே தனி. யாரும் தொடக் கூடாது."

அப்பா போய் ஒன்பது வருஷம். செத்தவருக்கு மகன் செய்யும் மரியாதையாம். தம்பியிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கலாம். அப்பாவைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று சொல்லவில்லை.

தம்பிக்கும் அதே தொழில், வெளியூரில். போன செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பார்க்க வந்தான்.

"இந்த பிளக்ல எதுவும் ஓட மாட்டேங்குதுடா," என்றாள் அம்மா.

அம்மாவின் டிவி நின்றுவிடுமே என்று மெயினை அணைக்காமல், ஸ்விட்சை மட்டும் அணைத்தான். போர்டைக் கழற்றினான். ஸ்விட்சிலிருந்து பிளக்குக்குப் போகும் சிவப்பில் டெஸ்டர் வைத்துப் பார்த்தான், கறுப்பில் வைத்துப் பார்த்தான். இரண்டிலும் கரண்ட் இல்லை. பச்சையை வெறும் கையால் ஒதுக்கினான். தொழில் தெரியாதவனாக இருந்தால் பயந்து தொட்டிருக்கவே மாட்டான். இவன் முறையாகக் கற்றவன், அதனால் செத்தான்.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, திறந்து கிடந்த போர்டின் முன்னால் மூத்தவன் உட்கார்ந்திருந்தான். யாரும் கேட்காமல் அவனாகவே பேசினான்.

"அப்பா காரணம் இல்லாம எதையும் செய்ய மாட்டாரும்மா. பச்சையைப் போட்டாருன்னா அதுல ஏதோ இருக்கும்."

அம்மா புரியாமல் பார்த்தாள்.

"என்னடா இருக்கு? அன்னைக்கு பாதி வேலையில சிவப்பு தீந்துபோச்சு, கடையும் லீவு. இப்போதைக்கு இதைப் போடறேன், அடுத்த வாரம் மாத்திடறேன்னாரு. மாத்தணும் மாத்தணும்னு கடைசி வரைக்கும் புலம்பினாரு. நீதானே பக்கத்துல நின்னு வயரை எடுத்துக் கொடுத்த?"

அவன்தான் கொடுத்தான். இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷமாக அவன் நெஞ்சில் வைத்திருந்த அப்பாவுக்கு எந்த வயரும் தீர்ந்துபோனதே இல்லை.

"அவரு போனதும் நீ மாத்தியிருப்பேன்னு நெனச்சேன்டா," என்றாள் அம்மா. "அவரு உனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்த ஒரு வேலைதான்."